கட்டுச்சோற்று மூட்டையோடு கார்டும் மாத்திரையும் போகட்டும்: கிராமத்துக் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. தடுப்பு வழிகாட்டி

ஏழாம் மாதம் கட்டுச்சோறு போட்டு, கை நிறைய வளையல் அடுக்கி, பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோம். புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் எல்லாம் தூக்குத் தூக்காகக் காரில் ஏறுகிறது. நாமக்கல் பக்கம் எங்கள் ஊரிலிருந்து அப்படிப் போன ஒரு பெண்ணின் தாய்-சேய் அட்டை மட்டும் மாமியார் வீட்டு பீரோவிலேயே தங்கிவிட்டது. ஒரு மாதம் முன்னாலேயே பனிக்குடம் உடைந்து, ராத்திரி ரெண்டு மணிக்கு வேறு மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கே யாருக்கும் அவளைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. ரத்தம் என்ன குரூப், ஹெச்பி எவ்வளவு, எந்தப் பரிசோதனை முடிந்தது, எது முடியவில்லை, எதுவுமே. அவளுடைய அம்மா எனக்குப் போன் போட்டு, "கண்ணு, அந்தக் கார்டைப் போட்டோ எடுத்து அனுப்பு சாமி" என்று அழுதார். நான் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்து, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பினேன்.

எச்.ஐ.வி. என்ற கட்டத்தில் 'நான்-ரியாக்டிவ்' என்று எழுதியிருந்தது. தொற்று இல்லை என்று அர்த்தம். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டத்தில் வேறு மாதிரி எழுதியிருந்து, அது தெரியாமலேயே பிரசவம் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு என்னை விடவே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டரோ நர்சோ இல்லை, மகளிர் குழுவில் இருப்பவள், பல வருடமாக ஊர்ப் பெண்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரி போய் வருகிறவள்.

தமிழ்நாட்டில் இப்போது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. எச்.ஐ.வி. பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். நான் பார்த்தவரை இந்தச் சங்கிலி அறுவது எல்லாம் கைமாறும் இடத்தில்தான்: மாமியார் வீட்டிலிருந்து அம்மா வீடு, துணை சுகாதார நிலையத்திலிருந்து பெரியாஸ்பத்திரி, பிறகு கைக்குழந்தையோடு திரும்பவும் மாமியார் வீடு. அந்த இடங்களில் கவனமாக இருப்பது எப்படி என்பதைத்தான் அதிகமாகச் சொல்லப் போகிறேன்.

நாள் தள்ளிப்போனதும்

மூன்றாம் மாதம் முடிகிறவரை யாருக்கும் சொல்லக்கூடாது என்பது நம் வீடுகளில் இருக்கிற வழக்கம். சரி, ஊருக்குச் சொல்ல வேண்டாம், ஆனால் கிராம சுகாதார செவிலியரிடம் மட்டும் உடனே சொல்லிவிடுங்கள். அவர்தான் பெயரைப் பதிந்து, கர்ப்பப் பதிவுக்கான பிக்மி நம்பர் வாங்கித் தருவார். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவது நல்லது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த நம்பர் வேண்டும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அதுதான் வேண்டும். அந்தத் திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்கு முதல் ரெண்டு பிரசவத்துக்குத் தலா 18,000 ரூபாய்: 14,000 ரூபாய் தவணையாக வங்கிக் கணக்கில் வரும், மீதி 4,000 ரூபாய்க்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். தனியார் ஆஸ்பத்திரியில் பார்ப்பவர்களும் பதிய வேண்டும், இதைப் பலர் எட்டாம் மாதத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

பதிவு முடிந்ததும் ரத்தம் எடுப்பார்கள். ஹெச்பி, சர்க்கரை, ரத்த வகை, மஞ்சள் காமாலை, பால்வினை நோயான சிபிலிஸ், அப்புறம் எச்.ஐ.வி. சில இடங்களில் விரல் நுனியில் ஊசி குத்தி ஒரு சொட்டு எடுத்து அங்கேயே பார்த்துவிடுவார்கள், சில இடங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்வார்கள்.

இதில் எனக்குப் பெரிய ஆதங்கம் ஒன்று உண்டு. "எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்டால் பாதிப் பேர் "தெரியலையே அக்கா, ரத்தம் எடுத்தாங்க" என்கிறார்கள். சட்டப்படி சொல்லிக் கேட்டு, நீங்கள் சம்மதித்த பிறகுதான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு ரிசல்ட்டையும் உங்களிடம் சொல்ல வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் நீங்களே வாய் விட்டுக் கேளுங்கள்: "எச்.ஐ.வி. ரிசல்ட் என்னன்னு சொல்லுங்க சிஸ்டர்." கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, கர்ப்பமான எல்லாருக்கும் செய்கிற பரிசோதனை இது. அட்டையில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பரிசோதனை விட்டுப்போயிருக்கலாம், அடுத்த முறை போகும்போது விரல் வைத்துக் காட்டுங்கள்.

வீட்டுக்காரரும் பார்க்க வேண்டும்

எங்கள் பக்கம் லாரியும், திருச்செங்கோட்டு ரிக் வண்டியும்தான் பிழைப்பு. ஆண்கள் மாதக்கணக்கில் வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போய், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார்கள். 1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் டாக்டர் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்த பிறகு, கொஞ்ச காலத்திலேயே நாமக்கல் பெயரும் அந்தப் பேச்சில் அடிபட ஆரம்பித்துவிட்டது. அந்தப் பழி இன்னும் எங்கள் ஊர்களை வாட்டுகிறது, வண்டிக்குப் போகிற ஆண் என்றாலே ஒரு மாதிரி பார்ப்பது அநியாயம். அதனால் யாரையும் சந்தேகப்படாமல், எல்லா வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்வது என்று வைத்துக்கொண்டால் யார் மனதும் நோகாது.

எப்படிக் கேட்பது? "உங்க மேல சந்தேகம்" என்ற தொனி வந்துவிட்டால் அன்றைக்குச் சண்டைதான். எங்கள் ஊரில் ஒரு பெண் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது: "பாப்பாவுக்காக ரெண்டு பேரும் ரத்தம் பார்க்கணும்னு நர்சம்மா சொன்னாங்க, ஸ்கேனுக்கு வர்ற அன்னைக்கே முடிச்சிடலாம் மாமா." அவ்வளவுதான், அவரும் வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிற நம்பிக்கை மையத்தில் இந்தப் பரிசோதனை இலவசம், பெயர் வெளியே போகாது.

உங்களுக்குத் தொற்று இல்லை என்று வந்தாலும் ஒரு விஷயம். தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். கர்ப்ப காலத்திலோ தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலோ புதிதாகத் தொற்று வந்தால் ரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருக்கும், குழந்தைக்குப் போகும் வாய்ப்பும் கூடுதல். ஆகவே கணவர் இன்னும் பரிசோதிக்கவில்லை என்றால், அதுவரை ஆணுறை. கர்ப்பமாகிவிட்டபின் அது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். கணவருக்குத் தொற்று இருப்பது தெரிந்தால் நம்பிக்கை மையத்து ஆலோசகரிடம் ரெண்டு பேருமாகப் போய்ப் பேசுங்கள், கடைசி மூன்று மாதத்தில் உங்களுக்கு மறுபடி ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும்.

இருக்கிறது என்று வந்துவிட்டால்

முதலில் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். ஒரு சொட்டு ரத்தத்தில் பார்த்த முதல் பரிசோதனையை வைத்து யாரும் முடிவு சொல்லிவிட மாட்டார்கள். நம்பிக்கை மையத்தில் வெவ்வேறு முறையில் மூன்று பரிசோதனை செய்துதான் உறுதி செய்வார்கள்.

உறுதியானால்கூட, குழந்தைக்கும் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. மருந்தே இல்லாமல் விட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்று போகலாம். தாய் சரியாக மருந்து எடுத்து, குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் அது ஐந்துக்கும் கீழே வருகிறது, சீக்கிரம் ஆரம்பித்து விடாமல் எடுத்தவர்களுக்கு ரெண்டுக்கும் கீழே. 2002ல் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவாமல் தடுக்கும் திட்டம் நாட்டில் ஆரம்பித்தபோது வலி வந்த பிறகு தாய்க்கு ஒரே ஒரு நெவிரபின் மாத்திரை, குழந்தைக்கு ஒருமுறை சொட்டு மருந்து, அவ்வளவுதான் இருந்தது. 2014 முதல் தொற்றுள்ள கர்ப்பிணி யாராக இருந்தாலும் உடனே கிருமியை அடக்கும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து ஆரம்பித்து வாழ்நாள் முழுக்கக் கொடுக்கிறார்கள். இப்போது பெரும்பாலானோருக்கு ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை, மூன்று மருந்து அதற்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் இலங்கையையே பாருங்கள், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்துவிட்டதாக 2019ல் உலக சுகாதார நிறுவனமே சான்று கொடுத்தது.

மாத்திரை எடுப்பதில் யாரும் சரியாகச் சொல்லித் தராத ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கர்ப்பிணி என்றால் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் கட்டாயம் இருக்கும். ஏ.ஆர்.டி. மாத்திரையில் உள்ள டோலுடெக்ராவிர் என்ற மருந்தை, வெறும் வயிற்றில் இவற்றோடு சேர்த்துப் போட்டால் உடம்பு சரியாக உறிஞ்சாது. ஒரு பெண் மூன்று மாத்திரையையும் ஒரே உள்ளங்கையில் வைத்து, காலையில் பல் துலக்கியதும் ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கிக்கொண்டிருந்தாள், மறந்துபோகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில். ஏ.ஆர்.டி. மாத்திரையை இரும்பு, கால்சியத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னால் போடலாம், அல்லது அவற்றுக்கு ஆறு மணி நேரம் கழித்துப் போடலாம். சேர்த்தே போட வேண்டியிருந்தால் சாப்பாட்டோடு போட வேண்டும். மையத்தில் மருந்து வாங்கும்போதே, "சத்து மாத்திரையும் சாப்பிடறேன், எதை எப்போ போடணும்னு எழுதிக் கொடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பெண் இப்போது ராத்திரி சீரியல் முடிந்ததும் அதைப் போடுகிறாள், காலையும் மதியமும் மற்றவை.

முதல் ரெண்டு வாரம் குமட்டலோ தலைவலியோ இருக்கலாம், அதற்காக நிறுத்தக் கூடாது. ஒரு நாள் மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போட்டுவிடுங்கள். எட்டாம் மாதத்தை ஒட்டி ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று ஒரு பரிசோதனை, வைரல் லோடு என்பார்கள். அதைக் கேட்டுச் செய்யுங்கள், குழந்தைக்கு எந்த மருந்து எத்தனை நாள் என்பதை முடிவு செய்ய அது உதவும்.

அம்மா வீட்டுக்குக் கிளம்பும் முன்

நான் பார்த்ததில் நிறைய விட்டுப்போவது இந்த இடத்தில்தான். ஊர் மாறும்போது சுகாதார செவிலியர் மாறுகிறார், ஆஸ்பத்திரி மாறுகிறது, மையம் மாறுகிறது. மருந்து எடுப்பவர்கள் தேதி குறித்ததுமே ஏ.ஆர்.டி. மையத்தில் போய், அம்மா ஊர் எது, எத்தனை மாதம் இருப்பேன் என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பக்கத்தில் உள்ள மையத்துக்கோ அதன் கிளையான இணைப்பு மையத்துக்கோ கடிதம் கொடுப்பார்கள், கையிருப்பாகக் கூடுதல் மாத்திரையும் கேட்கலாம். மாமியார் ஊர் நர்சம்மாவின் போன் நம்பரையும் அம்மா ஊர் நர்சம்மாவின் நம்பரையும் வாங்கி, ஒருவரிடம் இன்னொருவரைப் பேச வையுங்கள்.

பையில் முதலில் வைக்க வேண்டியது தாய்-சேய் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார் நகல், ஏ.ஆர்.டி. புத்தகம், மாத்திரை டப்பா. வளையல் எல்லாம் அப்புறம். அட்டையின் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். எடுத்த படம் வீட்டில் எல்லோர் கையிலும் புழங்குகிற போனில் இருந்தால் ரகசியம் என்னாகும் என்பதையும் யோசித்து எடுங்கள்.

"தொற்று இருக்கிறதை அம்மாவிடம் சொல்லலாமா?" என்று என்னிடம் கேட்பார்கள். அது அந்தப் பெண் எடுக்க வேண்டிய முடிவு, வேறு யாருக்கும் அதில் உரிமை இல்லை. ஆனால் வலி வந்து பேச முடியாத நிலையில் டாக்டரிடம் உண்மையைச் சொல்ல நம்பிக்கையான ஒரே ஒரு ஆளாவது வேண்டும், கணவரோ, அக்காவோ, அம்மாவோ. தயக்கமாக இருந்தால் ஆலோசகரே கூட உட்கார்ந்து பக்குவமாகச் சொல்லித் தருவார். 1097 என்ற எச்.ஐ.வி. உதவிக்கான இலவச எண்ணிலும் பேசலாம், பெயர் சொல்லத் தேவையில்லை.

வலி வந்ததும்

108. யோசிக்க வேண்டாம். காருக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது வந்துவிடும். அன்றைய மாத்திரை நேரம் வந்தால் வலியோடு வலியாக அதையும் போட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் அட்டையை முதலிலேயே கொடுத்துவிட்டு, தொற்று இருப்பதை டியூட்டி நர்சிடம் மெதுவாகச் சொன்னால் போதும், உறவுக்காரர் எல்லாரும் நிற்கிற இடத்தில் சொல்ல வேண்டியதில்லை. இதுவரை பரிசோதனையே செய்யாதவர்கள் அதையும் சொல்லுங்கள். பிரசவ அறையிலேயே பார்த்து, தேவைப்பட்டால் அப்போதே மருந்து ஆரம்பிக்க முடியும்.

எச்.ஐ.வி. இருந்தால் ஆபரேஷன்தான் என்று ஒரு பேச்சு ஊருக்குள் உலவுகிறது. அப்படி இல்லை. மருந்து சரியாக எடுத்தவர்களுக்கு சுகப்பிரசவம் தாராளமாக நடக்கிறது, மற்ற பெண்களைப் போல வேறு காரணம் இருந்தால்தான் சிசேரியன்.

மரியாதை விஷயம் முக்கியம். எங்கள் குழுப் பெண் ஒருத்தியின் கட்டிலைத் தனியாகத் தள்ளி, தலைமாட்டில் சிவப்பு மையில் ஒரு குறி போட்டுவிட்டார்கள். வார்டில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துபோய், பக்கத்துக் கட்டில் பாட்டி தன் ஃபிளாஸ்க்கை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. இப்படிச் செய்வது தப்பு, சட்டப்படியே தப்பு. எச்.ஐ.வி. தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017ல் வந்து, 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. தொற்றைக் காரணம் காட்டிப் பிரசவம் பார்க்க மறுப்பதோ, ஒதுக்கி வைப்பதோ, சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதோ கூடாது. கையுறையும் சுத்தமும் எல்லாப் பிரசவத்துக்கும் ஒரே மாதிரிதான். நாங்கள் அன்றைக்கு நிலைய மருத்துவ அதிகாரியிடம் போய் நின்றோம், அரை மணி நேரத்தில் அந்தக் குறியை எடுத்தார்கள். கூட ரெண்டு பெண்கள் வாய் திறந்து கேட்டதால் நடந்தது. 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்தும் புகார் சொல்லலாம்.

ரத்தம் ஏற்றுவது பற்றியும் பயம் இருக்கிறது. 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தால் தொற்று வந்த செய்தியை யாரும் மறக்கவில்லை. உயிர் காக்க ரத்தம் தேவை என்று டாக்டர் சொன்னால் மறுக்காதீர்கள். ஆனால் ரத்தசோகையால் அந்த நிலைமை வராமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. ஹெச்பி 11க்குக் கீழே போனால் முருங்கைக்கீரை, பேரீச்சை மட்டும் போதாது, இரும்பு மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள், இன்னும் குறைந்தால் இரும்பு ஊசி ஏற்றுவார்கள், அதற்குக் கூப்பிடும்போது போய்விடுங்கள்.

குழந்தை பிறந்த பிறகு

தாய்க்குத் தொற்று இருந்தால், குழந்தைக்குப் பிறந்த உடனேயே எச்.ஐ.வி. தடுப்புச் சொட்டு மருந்து தொடங்க வேண்டும். பொதுவாக ஆறு வாரம். தாய் தாமதமாக மருந்து ஆரம்பித்திருந்தால் அல்லது கிருமி அளவு குறையாமல் இருந்தால் ரெண்டு மருந்தாகப் பன்னிரண்டு வாரம் வரை போகும். எத்தனை மில்லி என்பதை சிரிஞ்சில் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் நீங்கள் தூங்கினாலும் கொடுக்க இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தாய்ப்பால் கொடுக்கலாம். தாய் மருந்தை விடாமல் எடுக்கும்போது, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதுதான் நம் அரசு சொல்லும் வழி. 'மட்டும்' என்றால் மட்டும்தான். சேனை வைப்பது என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது, தெருவில் வரும் கழுதைப்பால் ஒரு சங்கு, வசம்பு உரசிய தண்ணீர், பால் பத்தவில்லை என்று பசும்பால் அரை டம்ளர், இதெல்லாம் எந்தக் குழந்தைக்கும் வேண்டாம், இந்தக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். வேறு பால் கலந்து கொடுக்கும்போது பிஞ்சுக் குடலின் உட்சுவர் புண்ணாகி, கிருமி உள்ளே போக வழி கிடைத்துவிடும். இதைப் படிப்பவர் அமுச்சியோ அப்பத்தாவோ என்றால், உங்களிடம்தான் கெஞ்சிக் கேட்கிறேன், சங்கை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். மார்புக் காம்பில் வெடிப்போ, சீழோ இருந்தால் அந்தப் பக்கம் கொடுக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒன்றரை மாத ஊசிக்குப் போகும் அன்றைக்கே குழந்தையின் குதிகாலில் சின்னதாகக் குத்தி, தடித்த காகிதத்தில் ரத்தப் பொட்டு வைத்து அனுப்புவார்கள். அது முதல் பரிசோதனை. பிறகு ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், கடைசியாகப் பதினெட்டாம் மாதம். முதல் முடிவு நல்லபடியாக வந்ததும் சந்தோஷத்தில் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பால் குடிக்கிற வரைக்கும் ஆபத்து முழுசாகப் போகவில்லை, பதினெட்டாம் மாதத்து முடிவுதான் கடைசி முடிவு. ஆறு வாரத்திலிருந்து கோட்ரைமாக்சசோல் என்ற இன்னொரு மருந்தும் தருவார்கள், அதையும் அவர்கள் சொல்லும் வரை நிறுத்தாதீர்கள்.

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தொட்டில், தங்கக்காப்பு, பலகாரத்தோடு திரும்பவும் மாமியார் வீட்டுக்குப் பயணம் வரும். முதல் பயணத்துக்குச் சொன்னது அத்தனையும் இதற்கும் செய்ய வேண்டும்: மையத்துக் கடிதம், கையிருப்பு மருந்து, ரெண்டு நர்சம்மாக்களின் பேச்சு, அட்டை. மாதம் ஒருமுறை மையத்துக்குப் போகச் சாதாரணக் கட்டண டவுன் பஸ் இருந்தால் பெண்களுக்குக் காசு இல்லை, "கையில பணமில்லை" என்று ஒரு மாதம் தள்ளிப்போட வேண்டியதில்லை.

தேதியை மறக்காமல் இருக்க எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரில், பௌர்ணமி, கிருத்திகைக்கு நடுவே, மையத்துக்குப் போக வேண்டிய நாள்களில் எல்லாம் ஒரு சின்னப் பூ வரைந்து வைத்திருந்தாள். மாமியார் கேட்டதற்கு "பாப்பாவுக்கு ஊசி அத்தை" என்று சொல்லியிருக்கிறாள். கடைசிப் பூ பதினெட்டாம் மாதத்து நாள். அன்றைக்கு அந்த மாமியார்தான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் முதல் ஆளாக நின்றார்.